வெட்டு இல்லாத நாளின் விடியற்காலை: இரண்டு முறை எழுதப்பட்ட ஒரு பாதுகாப்புத் திட்டம்

அந்தத் தாள் பீரோவில் இருந்தது. ஆதார் நகல், நகை அடகு ரசீது, மகளுடைய நர்சிங் கல்லூரி ஃபீஸ் சீட்டு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாள் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார்கள். நடுவில் நாலாக மடித்தபடி, தற்கொலைக்கு முயன்று பிழைத்த ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் நான் எழுதிக் கொடுத்த பாதுகாப்புத் திட்டம். ஆறு வாரத்தில் யாரும் அதை ஒருமுறைகூடப் பிரிக்கவில்லை என்பது மடிப்பைப் பார்த்ததுமே தெரிந்தது.

"பத்திரமா வச்சிருக்கேன் மேடம்" என்றார் அவருடைய மனைவி. உண்மைதான். பத்திரமாகத்தான் இருந்தது.

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவின் உட்பகுதியைச் சேர்ந்த ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியைப் பற்றிய ஆய்வு இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்; ஊர்ப்பெயர் கிடையாது. அவர் எதைக்கொண்டு, எப்படி முயன்றார் என்பதையும் எழுதப்போவதில்லை. சொல்ல வந்த விஷயத்துக்கு அது தேவையில்லை. படிக்கிறவர்களில் யாருக்கு எது ஆபத்தாகும் என்றும் சொல்ல முடியாது. பின்பகுதியில் கடற்கரை ஊர்ப் பெண் ஒருவரும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இளைஞன் ஒருவனும் வருகிறார்கள். ஒரே படிவம் மூன்று இடங்களில் மூன்று விதமாக மடங்கியது என்பதைக் காட்டத்தான் அவர்கள்.

ஆளும் சூழலும்

வயது 46. பதினெட்டு வயதில் கத்தி பிடித்தவர். சொந்தத் தோட்டம் கிடையாது. மரம் எண்ணிக் கூலி. நாள் விட்டு நாள் வெட்டு. வெயில் ஏறினால் பால் வரத்துக் குறைந்துவிடும் என்பதால் விடியற்காலை இரண்டரை மணிக்கு எழுந்து, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். காலையில் சிரட்டைகளில் இருந்து பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப்போட்டு வீட்டுக்கு வந்து சேர மதியமாகிவிடும். சாப்பிட்டுத் தூங்கினால் நாலு மணி வரை எழுப்பக் கூடாது.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஊருக்குப் பெருமைதான், ஆனால் வெட்டுக்காரருக்கு இரண்டுமே கூலி இல்லாத காலம். மரத்துக்கு மழைத்தடுப்பு பிளாஸ்டிக் ஒட்டினால் ஓரளவு வெட்டலாம். ரப்பர் விலை இருந்த இருப்பில், தோட்டக்காரர் இரண்டு வருடமாக ஒட்டவில்லை. மழை விட்டு மாசி பிறந்தால் இலை உதிர்ந்து மரம் ஓய்வுக்குப் போய்விடும்.

மூத்த மகள் வெளிமாநிலத்தில் நர்சிங் படிக்கிறாள். ஃபீஸுக்காக மனைவியின் நகை அடகில் இருக்கிறது. அது போதாமல் மனைவி பெயரில் குழு லோன். வாரத் தவணை செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, பக்கத்து வீட்டுத் திண்ணையில். எல்லாரும் வந்து உட்கார்ந்திருக்க, ஒருவர் பணம் தராவிட்டாலும் கூட்டம் கலையாது. குடி சனிக்கிழமை மட்டும் என்று அவர் சொன்னார். மனைவி மறுத்துப் பேசவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை.

ஐப்பசி மழையில் பதினோரு நாள் தொடர்ந்து வெட்டில்லை. பன்னிரண்டாம் நாள் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். நாலு நாள் தீவிர சிகிச்சை, பிழைத்துக்கொண்டார். மனநல மருத்துவர் பார்த்து, மனச்சோர்வு நோய் என்று மருந்து தொடங்கினார். அது எத்தனை மாதமாக இருந்தது என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. விடிவதற்கு வெகுமுன்பே முழிப்பு வந்து, திரும்பத் தூக்கம் வராமல் கிடப்பது இந்த நோயின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. இரண்டரை மணிக்கு எழுந்தே பழகியவரிடம் அதை யார் கவனிப்பது? அவருக்கே தெரியாது.

வார்டில் குடும்பத்துக்கு இருந்த பெரிய பயம் வேறு. "போலீஸ் கேஸ் ஆகுமா மேடம்?" ஆஸ்பத்திரியில் இருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போவது நடைமுறை, ஒரு போலீஸ்காரர் வந்து வாக்குமூலம் வாங்கிப் போனார். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவு அந்த வடிவில் இல்லை. அரசு ஊழியரை வற்புறுத்தவோ தடுக்கவோ என்று தற்கொலைக்கு முயன்றால் மட்டுமே குற்றம். இதை விளக்கி முடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. கையிலிருந்த அரை மணி நேரத்தில் அது போக மிஞ்சியதுதான் திட்டத்துக்குக் கிடைத்தது. சாக்காகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

முதல் திட்டம்

பாதுகாப்புத் திட்டம் என்று இங்கே சொல்வது, அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் உருவாக்கிய படிவத்தை. ஆறு படிகள். நெருக்கடி வரப்போகிறது என்று காட்டும் அறிகுறிகள். யார் உதவியும் இல்லாமல் தானே செய்துகொள்ளக் கூடியவை. மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும். வாய்விட்டு உதவி கேட்கக் கூடியவர்கள். மருத்துவர்களும் உதவி எண்களும். கடைசியாக, ஆபத்தான பொருட்கள் கைக்கு எட்டாமல் சூழலைப் பாதுகாப்பாக்குவது. முதல் படி உதவாவிட்டால் அடுத்தது, அதுவும் உதவாவிட்டால் அதற்கடுத்தது. அவசரமென்றால் நேரே ஐந்தாம் படிக்குப் போய்விடலாம்.

தற்கொலை எண்ணம் அலை மாதிரி ஏறி இறங்குவது. உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறைவு. அந்த நேரத்தில் புதிதாக யோசிக்க மூளை ஒத்துழைக்காது என்பதால், முன்பே யோசித்து எழுதி வைத்துக்கொள்கிறோம். அவ்வளவுதான் தத்துவம்.

நம் ஊரில் குடும்பங்கள் காலங்காலமாகச் செய்துவருவது வேறு: சத்தியம் வாங்குவது. பிள்ளை தலையில் அடித்து, வேதப்புத்தகத்தில் கை வைத்து, கோயில் நடையில் சூடம் ஏற்றி, "இனி இப்படிச் செய்யமாட்டேன்." இவரிடமும் வார்டிலேயே அவருடைய அண்ணன் வாங்கிவிட்டார். மேலைநாட்டு மருத்துவர்களும் நோயாளியிடம் இப்படி எழுதி வாங்கியவர்கள்தான். அது உயிரைக் காக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எதைச் செய்யக் கூடாது என்பதைச் சத்தியம் சொல்லும். பதிலுக்கு என்ன செய்வது என்பதைச் சொல்லாது. போதாததற்கு, எண்ணம் திரும்ப வந்தால் அதை வெளியே சொல்லும் வாயையும் அது அடைத்துவிடும். சத்தியத்தை மீறியவன் ஆகிவிடுவோமே என்று.

சரி, என் திட்டத்துக்கு வருகிறேன். மனைவியும் அண்ணனும் கட்டிலின் இருபுறமும் நிற்க, நான் கேட்கக் கேட்க அவர் தலையாட்டினார். அறிகுறிகள்: "தூக்கமின்மை, நம்பிக்கையின்மை, தனிமை." தானே செய்யக் கூடியவை: "நடைப்பயிற்சி, பாட்டுக் கேட்டல், மூச்சுப் பயிற்சி." உதவி கேட்கக் கூடியவர்கள்: "மனைவி, அண்ணன், பாஸ்டர்." ஆறாம் படி: "ஆபத்தான பொருட்களை மனைவி பத்திரமாக வைக்கவும்."

கையெழுத்து மட்டுமல்ல, சொற்களும் என்னுடையவை. "நம்பிக்கையின்மை" என்ற சொல்லை அவர் வாழ்நாளில் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லியிருப்பாரா? ஒவ்வொரு கேள்விக்கும் "செரி மேடம்" என்றார். அந்தச் "செரி"யை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அதன் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்.

ஆறாவது வாரம்

தொடர்பு அழைப்புகளை நான் ஒழுங்காகச் செய்தேன். டிஸ்சார்ஜ் ஆகி 72 மணி நேரத்துக்குள் முதல் அழைப்பு, பிறகு வாரம் ஒன்று. எல்லாமே காலை பதினொரு மணிக்கு, என் அலுவலக நேரத்தில். அவர் ஷீட் மெஷினில் நிற்கும் நேரம் அது. போனை எடுத்தது எப்போதும் மனைவிதான். "நல்லா இருக்கிறாவ மேடம், மருந்து குடிக்கிறாவ." என் பதிவேட்டில் வரிசையாக டிக்.

ஆறாவது வாரம், ஒரு மழை நாள் விடியற்காலையில் அவர் எழுந்து தோட்டத்து ஷெட்டுப் பக்கம் போயிருக்கிறார். எதிர்வரப்பில் இன்னொரு வெட்டுக்காரர், மழை விடுமா என்று பார்க்க வந்தவர், நெற்றி லைட்டை அடித்து, "ஓய், யாரு? இந்த மழையில எங்க போறீரு?" என்றிருக்கிறார். அவ்வளவுதான். இருவருமாக ஜங்ஷன் சாயாக்கடைக்குப் போய் உட்கார்ந்து, விடியும்வரை பேசியிருக்கிறார்கள். ரப்பர் விலையைப் பற்றி.

மறுநாள் மாலை அவராகவே ஆஸ்பத்திரிக்கு வந்தார், தனியாக. முதன்முறையாக மனைவியோ அண்ணனோ பக்கத்தில் இல்லாமல் அவரிடம் பேசினேன்.

"வெட்டு இல்லாத்த நாளும் ரெண்டரைக்கு முழிப்பு வந்துரும் மேடம். கூரையில மழைச் சத்தம் கேக்கும். இன்னைக்குக் கூலி இல்லன்னு அப்பமே தெரிஞ்சு போவும். விடியதுக்கு இன்னும் மூணு மணிக்கூர் கெடக்கு. அப்பம் ஒரு வெப்ராளம் வரும் பாத்துக்கிடுங்க… நெஞ்சுக்குள்ள இருந்து ஒருத்தன் புடிச்சு வெளிய தள்ளது மாதிரி."

வெப்ராளம். அகராதிகள் இந்தச் சொல்லை எப்படிப் பொருள் கொண்டாலும், தென்குமரியிலும் நெல்லையிலும் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பதற்றம், ஆற்றாமை, இருப்புக்கொள்ளாமை மூன்றும் கலந்த ஒன்று. நான் எழுதிக் கொடுத்த "நம்பிக்கையின்மை"யை விட ஆயிரம் மடங்கு துல்லியமான அறிகுறி. முதல் படியின் முதல் வரி, வார்டிலேயே அவர் வாயில் இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

பாஸ்டரை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். சிரித்தார். "நல்ல மனுஷன்தான். ஆனா ஞாயித்துக்கிழம சபையில எனக்க பேரச் சொல்லி எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபிப்பாங்க."

அண்ணனை? "சத்தியம் வாங்கினவன்ட்ட போய் எப்பிடிச் சொல்லது?"

மனைவியை? நீண்ட நேரம் பதில் வரவில்லை. ஆறாம் படியில் நான் எழுதிய ஒரு வரி அந்த வீட்டில் என்ன செய்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. தோட்ட வேலைக்கான ரசாயனங்களை மனைவி மச்சில் ஏற்றி வைத்திருக்கிறார். அந்த மச்சைக் கட்டியதே கணவர்தான். ஒளித்துவைத்தது போதாதென்று தெரிந்து, ஆறு வாரமாக மனைவி இரவில் தூங்கவில்லை. அவர் புரண்டு படுத்தால் எழுந்து உட்காருவார், கழிவறைக்குப் போனால் வாசலில் நிற்பார். "பொலீசு மாதிரி காவல் நிக்கா" என்று இவருக்குக் கோபம். "ஒரு நாளாவது நான் ஒறங்கண்டாமா?" என்று அவருக்கு அழுகை. வீட்டில் முன்பில்லாத சண்டை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், இந்தியாவில் தற்கொலைகள் 1,70,924, தமிழ்நாட்டில் 19,834. லட்சம் பேருக்கு என்று பார்த்தால் நாடு முழுவதற்கும் 12.4, தமிழ்நாட்டில் 25.9. காரணங்களின் பட்டியலில் முதலிடம் "குடும்பப் பிரச்சினைகள்", 31.7 சதவீதம். காவல்துறை எழுதும் காரணம் எவ்வளவு ஆழமானது என்பது வேறு விவாதம். ஆனாலும் என்னை உறுத்துவது இது: காரணப் பட்டியலில் முதலில் நிற்கிற குடும்பத்தையே, உதவிப் பட்டியலிலும் முதலில், எந்த யோசனையும் இல்லாமல் எழுதிவிடுகிறோம். குடும்பம் உதவாது என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தில் யார் என்பதை நோயாளி சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர் யாரோ அவரை எழுதக் கூடாது.

இரண்டாவது திட்டம்

இந்த முறை பேனாவை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு சந்திப்பு, மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

முதல் படியில் அவர் எழுதியது: "மழை. வெட்டு இல்ல. ரெண்டரை மணி. வெப்ராளம்." கீழே, கொஞ்சம் யோசித்து: "திங்கக்கிழமை ராத்திரி." செவ்வாய்த் தவணைக்கு முந்தைய இரவு. மழையும் திங்களும் சேர்ந்து வந்தால் இரட்டை ஆபத்து என்று அவராகவே ஒரு கோடு போட்டார்.

இரண்டாம் படிக்கு மூச்சுப் பயிற்சி வேண்டாம் என்றார். விடியற்காலை இரண்டரைக்கு இந்தக் கை என்ன செய்து பழகியிருக்கிறது என்று கேட்டேன். கத்தி தீட்டும். அது வேண்டாம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது. வேறு? ஒட்டுப்பால் பிரிப்பார். சிரட்டையிலும் பட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ரப்பரைத் தூசி தும்பு நீக்கிச் சேர்த்து வைத்தால் தனி விலை. மழை நாளிலும் திண்ணையில் உட்கார்ந்து செய்யலாம், கைக்கு வேலை, கொஞ்சம் காசு. எழுதினார்: "ஒட்டுப்பால் சாக்கு திண்ணையில்."

மூன்றாம் படி ஏற்கெனவே நடந்திருந்தது. ஜங்ஷன் சாயாக்கடை வெட்டுக்காரர்களுக்காகவே நாலு மணிக்கு முன்பே திறந்துவிடும். மழை நாளிலும் பழக்கத்தில் நாலைந்து பேர் இருப்பார்கள். அங்கே யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் அதன் சிறப்பு. படிவத்தின் மூன்றாம் படியும் அதைத்தான் கேட்கிறது. மேலைநாட்டுக் கையேடுகள் இந்த இடத்தில் பூங்காவையும் காபிக் கடையையும் உதாரணம் காட்டும். விடிவதற்கு முன் திறந்திருக்கும் ஒரு காபிக் கடை அவர்களுக்கு அமைவது சிரமம், நமக்குச் சுலபம்.

நான்காம் படியில்தான் நான் எதிர்பாராத பெயர் வந்தது: மைனி. அண்ணனிடம் சொல்ல முடியாததை அண்ணன் மனைவியிடம் சொல்லலாம் என்றார். பக்கத்து வீடு. சின்ன வயதில் தாய் போன பிறகு இவருக்குச் சோறு போட்டவர். "மைனி ஏசும். ஆனா வெளிய சொல்லாது." அவரை அழைத்து, இவர் முன்னாலேயே கேட்டோம். அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ராத்திரி வந்து கதவத் தட்டினா நான் என்ன சொல்லணும்?" ஒன்றும் சொல்ல வேண்டாம், கட்டன்சாயா போட்டுக்கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள், ஆபத்து என்று தோன்றினால் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்றேன். "அதுக்கு ஆஸ்பத்திரியில படிச்சிட்டு வரணுமாக்கும்" என்றார்.

ஐந்தாம் படி: டெலி மனாஸ் 14416, 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் உதவி எண் 104. சென்னை சினேகாவின் 044-24640050. 1986 முதல் இயங்கும் தன்னார்வ அமைப்பு. எண்ணை எழுதிக் கொடுப்பதோடு விடாமல், என் மேசையிலிருந்தே அவர் போனில் 14416ஐ ஒருமுறை போட வைத்தேன். எதிர்முனைக் குரல் எப்படி இருக்கும், முதலில் எந்தப் பொத்தானை அழுத்தச் சொல்லும் என்பது தெரிந்துவிட்டால், இரவில் கூப்பிடும் தயக்கம் பாதி குறைகிறது. முதல் திட்டத்தில் இதைச் செய்யாதது இன்னொரு பிழை.

ஆறாம் படிக்கு அதிக நேரம் எடுத்தது. வேலைக்குத் தேவையான பொருளை ஒரேயடியாக அகற்ற முடியாது. கடலூர் மாவட்டக் கிராமங்களில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் விவசாயிகளின் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில், பூட்டுள்ள பெட்டகங்களில் வைக்கச் செய்து பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. அதை இவரிடம் சொன்னேன். கிடங்கெல்லாம் இங்கே ஏது? ஆனால் யோசனை பிடித்துக்கொண்டது. தோட்டக்காரரின் வீட்டோடு ஒட்டிய பொருள் அறைக்கு எல்லாம் மாறின. சாவி மைனியிடம். ஷீட் அடிக்கும் நாளில், அன்றைய தேவைக்கு மட்டும் பகல் வெளிச்சத்தில் எடுத்துக்கொடுப்பது. தோட்டக்காரரிடம் "பொருள் திருட்டுப் போகுது" என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். மனநல மருந்தும் மாதக்கணக்கில் கொடுக்காமல் வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க மருத்துவர் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமைக் குடி பற்றிப் பேசியது பாதியில் நின்றது. அதைச் சாதனைக் கணக்கில் சேர்க்க முடியாது.

மனைவிக்கு ஆறாம் படியில் எந்த வேலையும் தரவில்லை. அதைச் சொன்னபோது அந்தப் பெண் அங்கேயே, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கடனைத் திட்டம் அடைக்காது. அதனால் அதை விட்டுவிடவும் முடியவில்லை. குழுத் தலைவியிடம் மனைவி பேசி, மழைக்காலத்துக்கு மட்டும் தவணைக் கூட்டத்தை வேறு வீட்டுக்கு மாற்றிக்கொண்டார். தொகை குறையவில்லை, திண்ணையில் உட்காரும் கூட்டம் அவர் கண்ணில் படாது. சின்ன மாற்றம்தான். அதற்குப் பிறகு "திங்கக்கிழமை ராத்திரி" என்ற வரியை அவர் அடிக்கவில்லை, அடைப்புக்குறிக்குள் போட்டார்.

என் அழைப்பு மாலை நாலரைக்கு மாறியது. அவர் எண்ணுக்கு, அவருக்கே.

கடற்கரையிலும் முகாமிலும்

இதே படிவத்தைத் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பயன்படுத்தியபோது பிரச்சினை தலைகீழாக இருந்தது. அந்த அம்மாளின் கணவர் 2017 நவம்பர் கடைசியில், ஒக்கி புயலில், ஆழ்கடலுக்குப் போனவர். உடல் கிடைக்கவில்லை. அந்தக் கரையில் அப்படி எத்தனையோ வீடுகள். முயற்சி எதுவும் செய்ததில்லை. "அவரு போன இடத்துக்குப் போய்ச் சேரணும்" என்ற எண்ணம் வருடாவருடம் ஒரே காலத்தில் வரும். கார்த்திகை பிறந்து, கடலுக்குப் போகவேண்டாம் என்ற எச்சரிக்கையைக் கத்தோலிக்கக் கோயில் ஒலிபெருக்கியில் சொன்னதும். அதுவே முதல் படி.

தனிமை அங்கே பிரச்சினை இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், இரவு பத்து மணிக்கும் தெருவில் ஆள், அன்பியக் கூட்டம் (பக்கத்து வீட்டார் சேரும் ஜெபக் குழு), கோயில் மணி. தனியாக இருக்க ஓரடி இடம் கிடைக்காததுதான் பிரச்சினை. உதவி எண்ணுக்குப் போன் பேசினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். எல்லாருக்கும் படிக்கத் தெரிந்த வீட்டில் எழுதி வைத்த தாள் ரகசியமாக இருக்காது என்பதை அந்தப் பெருமையைப் பேசுகிறவர்கள் யோசிப்பதில்லை. "இத மருமவ பாத்தா அன்னைக்கே ஊரு முழுக்க ஓதிருவா மக்களே" என்று தாளைத் திருப்பித் தந்தார். கடைசியில் ஜெபப் புத்தகத்தில் அவர் வைத்திருந்த புனிதர் படத்தின் பின்புறம் நாலே சொல். பார்க்கிறவர்களுக்கு ஜெபக் கருத்து மாதிரி தெரியும். அவருக்கு மட்டும் படிகள்.

இன்னொன்றையும் அங்கேதான் கேட்டேன். தற்கொலை செய்தவர்களுக்குக் கோயிலில் அடக்கப் பூசை கிடையாது என்ற பயம் அவருக்கு இன்னும் இருந்தது; "அதுக்காகத்தான் இத்தன நாளு ஒண்ணும் செய்யல" என்றார். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 சட்டத்தொகுப்பு அப்படித் தடுத்தது; 1983இல் வந்த புதிய தொகுப்பின் பட்டியலில் தற்கொலை இல்லை. இதைத் திருத்திச் சொல்வதா, வேண்டாமா? பயம் ஒருவரைக் காத்துக்கொண்டிருக்கும்போது அதை இழுத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பேசாமல் இருந்துவிட்டு, காக்கும் வேறு காரணங்களைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பேரப்பிள்ளையின் புதுநன்மை (முதல் நற்கருணை வாங்கும் சடங்கு) முதலில் வந்தது. சரியாகச் செய்தேனா என்று இன்றும் தெரியவில்லை.

முகாம் இளைஞன் பெயிண்ட் வேலைக்குப் போகிறவன். இங்கேயே பிறந்தவன், பேச்சில் மட்டும் தாயின் யாழ்ப்பாணம். அவன் அறிகுறி: "விசர் பிடிச்ச மாதிரி, ஆரோடயும் கதைக்கப் பிடிக்காது." நாலு படியும் அரை மணியில் முடிந்தன. ஐந்தாம் படியில் நின்றுவிட்டான். அரசு எண்ணுக்குப் போன் பண்ணினால் பெயர் எங்கே போய்ச் சேரும்? கணக்கெடுப்பும் கண்காணிப்புமாக வளர்ந்தவனுக்கு அது நியாயமான கேள்வி. 14416ஐ ஒலிபெருக்கியில் போட்டு, முகவரி கேட்கிறார்களா என்று அவனையே கேட்க வைத்தேன். எதிர்முனைப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னார். அப்படியும் அவன் தாளில் முதலில் எழுதியது அந்த எண்ணை அல்ல, முகாமிலேயே பயிற்சி பெற்ற ஒரு தன்னார்வ அக்காவின் பெயரை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. தமிழ்நாட்டின் இலங்கை அகதிகள் முகாம்களில், தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து, தொடர்பும் பாதுகாப்புத் திட்டமும் சேர்ந்த முறையைச் சோதித்த ஆய்வு 2017இல் வெளியானது; தற்கொலை முயற்சிகள் குறைந்ததை அது காட்டியது. வெள்ளைக் கோட்டு போட்டவர் வர வேண்டிய அவசியம் இல்லை.

எது வேலை செய்கிறது

படிவமா, போன் அழைப்பா என்ற கேள்விக்கு ஆய்வுகளும் பிரித்துப் பதில் சொல்வதில்லை. 2018இல் ஸ்டான்லி குழுவினர் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த 1,640 பேரைப் பற்றியது. திட்டமும் தொடர் அழைப்பும் பெற்றவர்களிடம் ஆறு மாதத்தில் தற்கொலைச் செயல்கள் 3.03 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் 5.29. ஆனால் இரண்டும் ஒன்றாகவே கொடுக்கப்பட்டன, குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட ஆய்வும் அல்ல. அதற்குப் பத்து வருடம் முன்பே, 2008இல், உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு வந்துவிட்டது. ஐந்து நாடுகள், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர், அதில் சென்னையும் ஓர் இடம். ஒரு மணி நேரப் பேச்சும் 18 மாதத்தில் ஒன்பது தொடர்புகளும். தற்கொலையால் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பக்கம் 2.2 சதவீதம், தொடர்பு பெற்ற பக்கம் 0.2. அங்கே ஆறு படிப் படிவம் எதுவும் இல்லை. விடாமல் போய் விசாரித்தார்கள்.

எனக்குத் தோன்றுவது, படிவம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. கேட்டதற்கு உண்மையான பதில் வர ஆறு வாரம் ஆகலாம். அதுவரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தால்தான் இரண்டாவது தாளை எழுத வாய்க்கும். இந்த ஆளின் விஷயத்தில் அந்த வாய்ப்பை உருவாக்கியது நான் கூட அல்ல, எதிர்வரப்பில் லைட் அடித்தவர்.

பதினோரு மாதம் கழித்து

இடையில் தென்மேற்குப் பருவமழை ஒன்று முழுதாகக் கடந்தது. மூன்று இரவுகள் கடுமையாக இருந்ததாகச் சொன்னார். முதல் முறை ஒட்டுப்பால் சாக்கிலேயே விடிந்துவிட்டது. இரண்டாம் முறை சாயாக்கடை. மூன்றாவது முறை, ஆடி மாத மழையில், கடை திறக்கவில்லை. கடைக்காரர் வீட்டில் சாவு. நனைந்தபடி திரும்பி வந்து மைனியின் கதவைத் தட்டியிருக்கிறார். அந்த அம்மாள் கட்டன்சாயா போட்டுக்கொடுத்து, "இந்த நேரத்துல மனுஷன ஒறங்க விடமாட்டியா" என்று ஏசிக்கொண்டே விடியும்வரை கூட இருந்திருக்கிறார். 14416ஐ அவர் இதுவரை கூப்பிடவில்லை. மைனி ஒருமுறை கூப்பிட்டிருக்கிறார், என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க.

மருந்து தொடர்கிறது. மகள் மூன்றாம் ஆண்டு. தாள் இப்போது பீரோவில் இல்லை. நெற்றி லைட் வைக்கும் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறது, ரப்பர் பால் பட்டு ஓரம் கறுத்துப்போய்.

போன வாரம் மைனி கூப்பிட்டார். மழை முடிந்து வெட்டு நன்றாக நடக்கிறதாம், கொழுந்தன் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லையாம். கேட்டால் கொடுக்கலாமா, எப்போது கொடுக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். நீங்களே அவரிடம் கேளுங்கள் என்று சொல்லப் போனவள், நிறுத்திக்கொண்டேன். அடுத்த வியாழக்கிழமை நாலரை மணிக்கு மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.